கழுத்துக்குக் கீழே

தேவகோட்டை
11 பிப்ரவரி 2025

ஃபாயிஸா,

உன் எண்ணை பிளாக் செய்திருக்கிறேன். இதற்குள் தெரிந்திருக்கும். போனில் பேசினால் கத்துவேன், கத்தினால் அழுகை வரும், அழுதால் நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு நானும் கேட்டுத் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரியில் காதுகுத்து. என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம், நான் அதுவரை போகாத வீடு. கூடத்தில் பந்தி போட்டிருந்தார்கள். கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் என் அம்மா தொங்கிக்கொண்டிருந்தாள்.

முகம் அம்மாவுடையது இல்லை. அகன்ற மூக்கும் பெரிய பொட்டுமாக யாரோ ஒரு வயதான அம்மாள். கழுத்துக்குக் கீழேதான் என் அம்மா. இடது தோளிலிருந்து எங்கும் தங்காமல் நேரே இடுப்புக்கு இறங்குகிற அந்த முந்தானை. அதன் ஓரத்தை முன்னால் இழுத்துக் கூட்டிப் பிடித்திருக்கிற அந்தக் கை. ரவிக்கைக் கை இறுக்குகிற இடத்தில் அந்தச் சுருக்கம். அம்மாவின் மெல்லிய பருத்தி வாயில் சேலைக்குக் கிளிப்பச்சை அடித்து, ஜரிகை வைத்து, கழுத்தில் அட்டிகை மாட்டியிருந்தார்கள். புறங்கையில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. பிளாஸ்டிக் மாலை. சுற்றிலும் சீரியல் பல்பு.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கொல்லைக்கு ஓடிக் குழாயடியில் எல்லாவற்றையும் கக்கினேன். அந்த வீட்டு மருமகள் துர்காதேவி செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"என்னக்கா, கறி ஒத்துக்கலையா?"

"கூடத்துல இருக்க படம் யாரு?"

"எங்க மாமியாருக்கா. போன ஆடியில தவறிட்டாக. ஒத்த போட்டா கிடையாது, ஆதார் கார்டுல இருந்த மூஞ்சியத்தேன் குடுத்தோம். காரைக்குடியில எம்புட்டு அம்சமா போட்டுத் தந்துருக்காக பாத்தீகளா? பேசுற மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாக."

அந்த முந்தானைக்குள் என்ன இல்லை என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. மதுரையில் அம்மாவுக்கு இடது மார்பை எடுத்தபோது கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்தோம். அப்பாவும் போன பிறகு அதைத் தெரிந்தவர்கள் நானும் நீயும்தான். அம்மா செத்த பிறகு படம் வரையக் கொடுத்தபோது உன்னிடம் என்ன சொன்னேன்? "கடைசி ரெண்டு வருஷம் எப்படி இருந்தாகளோ அப்படியே போடு, அந்தப் பக்கத்த நெரப்பிடாத" என்றேன். உன்னை நம்பித்தான் சொன்னேன். நீ அதை அச்சாக்கி ஊர் ஊராக விற்கிறாய். த்தூ என்று எழுதுவதற்கு ஒரு எழுத்து இருந்தால் நன்றாக இருக்கும்.

நிறம் பார்ப்பதற்காகக் கொடுத்த அம்மாவின் சேலையும் ரவிக்கையும் இன்னும் உன்னிடம் இருக்கின்றன. பார்சலில் போடு. நேரில் வராதே. உன்னைப் பார்த்தால் எனக்கு மறுபடியும் குமட்டும்.

சத்தியப்பிரியா

*

காரைக்குடி
15 பிப்ரவரி 2025

ப்ரியா,

விற்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். நான் எதையும் விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சேவுகன் அண்ணன் ஸ்டூடியோவில் என் வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். கோபத்தில் மறந்துவிட்டாய். நான் துணி வரைகிறவள். மார்க்கத்தில் ஆகாது, முகம் வரையக் கூடாது என்று அத்தா போட்ட நிபந்தனையில்தான் இந்த வேலைக்கே வந்தேன். பின்னறையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, கழுத்திலிருந்து இடுப்புவரை, சேலையோ சட்டையோ துண்டோ, கறுப்பு வெள்ளையில் போட்டுக் கொடுப்பேன். முன்னறையில் அவர் தலையை வைத்து, நிறம் ஏற்றி, பிரிண்ட் எடுத்து, சட்டம் அடித்து அனுப்புவார். முடிந்த படத்தை நான் பார்ப்பதே கிடையாது.

ஏன் கறுப்பு வெள்ளை என்று நீ அப்போதே கேட்டாய். நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். சிவப்புச் சேலையில் மடிப்பு தப்பாக விழுந்திருந்தாலும் அந்தச் சிவப்பு அதை மூடி மறைக்கும். சாம்பலில் ஒளிய இடம் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம், துணி எங்கே மாட்டியிருக்கிறது, எங்கே தொங்குகிறது, எந்த மடிப்பு உள்ளே போகிறது, எல்லாவற்றையும் ஐந்தாறு சாம்பலுக்குள் முடிக்க வேண்டும். பருத்தியென்றால் வெளுப்பிலிருந்து கறுப்புக்கு மெல்ல மெல்லப் போகும். பட்டென்றால் பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்திலேயே கறுப்பு நிற்கும். இவ்வளவும் சரியாக வந்துவிட்டால் மேலே நிறத்தை மெல்லிய கண்ணாடித்தாள் போலப் போர்த்தினால் போதும். பச்சை வேண்டுமா, அரக்கு வேண்டுமா, கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி மாற்றலாம்.

அந்த வசதிதான் இப்போது என் கழுத்தை அறுத்திருக்கிறது. உன் கடிதம் வந்த மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் முன்னறைக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'அம்மா பாடி' என்று ஒரு போல்டர். உள்ளே உனக்காக நான் போட்ட சாம்பல் படம். அதன் கீழே வரிசையாக அதே உடம்பு, வேறு வேறு தலை. மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, நீ பார்த்த கிளிப்பச்சை. வாயில் சேலையின் மெத்தென்ற மடிப்புக்கு மேல் பட்டின் நிறத்தை ஊற்றியிருக்கிறார். அது பட்டாகவும் இல்லை, பருத்தியாகவும் இல்லை. நனைந்த சாக்கைப் போர்த்திய மாதிரி இருந்தது. தலைகளை எல்லாம் ஒரே வெளுப்பாக வெளுத்து, ஒரே புன்னகையை ஒட்டியிருக்கிறார்.

வந்ததும் கேட்டேன். "இது ப்ரியா வீட்டுப் படம்ண்ணே. இதப் போயி எல்லாருக்கும் போட்டுருக்கீகளே?"

"துணிதானம்மா. துணியில ஆளு பேரா எழுதிருக்கு? ஜனங்க மூஞ்சியத்தேன் பாக்குறாக. இந்த உடம்புல எந்தத் தலைய வச்சாலும் ஒக்காருது" என்றார். சொல்லிவிட்டுப் பல்லைக் குத்த ஆரம்பித்தார்.

இந்தத் தொழிலில் அருவருப்பு எனக்குப் புதிதில்லை ப்ரியா. செத்துப்போன மனைவியைக் கொஞ்சம் வெளுப்பாக்கு என்று வருகிறார்கள். இருந்தவரை கண்ணில் காட்டாத வைரத்தோட்டை இப்போது காதில் மாட்டச் சொல்கிறார்கள். அண்ணன் தம்பி சண்டையில் அப்பாவின் தோளில் கிடந்த தம்பியின் கையைத் துண்டால் மறைக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் மறைத்தும் கொடுத்தேன். ஆனால் உன் அம்மாவின் துணியைச் செய்த மாதிரி வேறு எதையும் செய்ததில்லை.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று வெகுநேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு இருக்கிறேன். வேண்டாம். நீ இருக்கிற கோபத்தில் அது சரியாகப் போய்ச் சேராது. சேலையையும் இப்போது அனுப்பமாட்டேன். காரணம் கேட்காதே.

ஃபாயிஸா

*

தேவகோட்டை
20 பிப்ரவரி 2025

ஃபாயிஸா,

பருத்தி, பட்டு, சாம்பல், கண்ணாடித்தாள். நான் அம்மாவைப் பற்றிக் கேட்டால் நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில், மனைவிக்கு அம்மாவின் உடம்பு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காக உன் சேவுகன் அண்ணன் அம்மாவைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறான். முந்தானை வலது தோளில் கிடக்கிறது. கீழே வாழைப்பழ வண்டி. ஒருவன் அந்த ஃபிளெக்ஸில் கையை ஊன்றிக்கொண்டு, அம்மாவின் வயிற்றில் கையை ஊன்றிக்கொண்டு, போன் பேசுகிறான். ஊரே கடந்து போகிறது, முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று ஒருத்திக்கும் கண் இல்லை. ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி சோளக்கதிர் தின்றாள். அவள் பல்லைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவள் என்ன செய்வாள் பாவம்.

என் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரனிடம் சொன்னேன். "விடு ப்ரியா, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். எனக்குத் தெரிகிறதே! அம்மா குளித்துவிட்டு வந்தால் என்னைக்கூடத் திரும்பி நிற்கச் சொல்வாள். அப்படி மூடி மூடி வைத்த உடம்பு.

நீ முடிந்த படத்தைப் பார்ப்பதில்லை என்கிறாய். நல்ல வசதி. பார்க்காதவரைக்கும் கை சுத்தம். உனக்கு இது துணி. உன் சொந்த உடம்பை இப்படித் தலையை வெட்டிவிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டினால் தெரியும், என் வயிறு ஏன் புரட்டுகிறது என்று.

சேலையை அனுப்பு.

சத்தியப்பிரியா

*

காரைக்குடி
23 பிப்ரவரி 2025

ப்ரியா,

அது என் உடம்புதான்.

எழுத வேண்டாம் என்று வைத்திருந்தது இதுதான். நீயே வாயைக் கிளறிவிட்டாய், இனி முழுக்கக் கேள்.

நீ எனக்குக் கொடுத்த போட்டோ என்ன, ஞாபகம் இருக்கிறதா? மாட்டுக் கொட்டத்தில் தூரத்திலிருந்து எடுத்தது. முகம் மட்டும் தேறியது. கழுத்துக்குக் கீழே பசுமாட்டின் முதுகு. கடைசி இரண்டு வருஷம் அவர் எப்படி இருந்தாரோ அப்படியே போடு என்றாய். எதைப் பார்த்துப் போடுவது? இணையத்தில் தேடினால் நிமிர்ந்து நிற்கிற மாடல் பெண்கள்தான் வருகிறார்கள். மார்பு இருக்கிற இடத்தில் துணி அங்கே மாட்டித்தான் கீழே விழும். அது இல்லாத இடத்தில் துணி எப்படி விழும் என்று எனக்குத் தெரியவில்லை. ஊகித்துப் போட்டேன், பொய்யாக வந்தது. நாலு தடவை அழித்தேன்.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் உன் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டேன். ரவிக்கையைப் போடும்போது இடது பக்கம் உள்ளே ஒரு பை தைத்திருந்தது. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய பஞ்சு. அதை எடுத்து வைத்துவிட்டேன், நிரப்பாதே என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா. என் துப்பட்டாவை முறுக்கி இடது மார்பை அழுத்தி இறுக்கிக் கட்டினேன். மூச்சு முட்டியது. ஜன்னலோரம் உட்கார்ந்து போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து டைமர் போட்டேன். நமக்குச் சோறு போடும்போது அம்மா முந்தானையைப் பிடித்திருப்பாரே, அப்படிப் பிடித்தேன். வெளிச்சம் சாயும்வரை திரும்பத் திரும்ப எடுத்தேன். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன்.

முந்தானை என் தோளில் கிடந்தது. பிடித்திருக்கிற கை என் கை. ரவிக்கை இறுக்குகிற அந்தச் சுருக்கம் என் சதை.

பெரிய திரையில் பார்ப்பதற்காக அந்தப் போட்டோக்களைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வேலை முடிந்து அழித்தேன், அழித்ததாக நினைத்தேன். அவருடைய இன்னொரு போல்டரில் அப்படியே இருக்கின்றன. சிலவற்றில் என் முகமும் இருக்கிறது. நான் கேட்டதற்கு, "சேலை கட்டித்தானம்மா இருக்க, அதுல என்ன கொறச்சல்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்கிறேன், போகவில்லை. அன்றிலிருந்து கடைக்குப் போகவில்லை.

பெருநாள் கழிந்து இளையான்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இது வெளியே வந்தால் அத்தா என்னைப் பேசவே விடமாட்டார்.

இப்போது சொல், யாருக்கு அதிகமாகப் புரட்ட வேண்டும்?

ஃபாயிஸா

*

தேவகோட்டை
2 மார்ச் 2025

ஃபாயிஸா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். கீழே வைத்து உட்கார்ந்து பார்த்தேன். சுண்டுவிரல் நகம் உன்னுடையது. நீ கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய நகம். இரண்டு வருஷமாக வேலைக்குக் கிளம்பும்போது தினமும் அந்தக் கையைத்தான் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன். சொந்த அம்மாவின் கை எது, சிநேகிதியின் கை எது என்று தெரியாத மகள். சிங்கம்புணரியில் அம்மாவின் கை என்று சொல்லி வாந்தி எடுத்தேனே, அதுவும் உன் கைக்குத்தான்.

உண்மையைச் சொல்கிறேன், உன் மேலும் எனக்கு அருவருப்பு வந்தது. என் அம்மாவின் தலையை நீ உன் கழுத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி. படத்தைத் துணியால் மூடிப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டேன். இரண்டு நாள் உனக்கு எழுதவும் பிடிக்கவில்லை.

பிறகு அந்தத் துப்பட்டா மட்டும் மண்டையிலேயே நின்றது. முந்தாநாள் மத்தியானம் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு காரைக்குடிக்குப் பஸ் ஏறினேன். உன்னைப் பார்க்க இல்லை. சேவுகன் கடைக்கு.

"வாங்க, வாங்க. அம்மா படம் நெறம் மங்கிருச்சா?" என்றான்.

"பாயிசா போட்டா எல்லாத்தையும் தெறங்க" என்றேன்.

"அது எதுக்கு இப்ப? நம்ம புள்ளதான அது."

"நம்ம புள்ளன்னா நீங்க ஏன் அத வச்சுருக்கீக? தெறங்க. இல்லாட்டி ரோட்டுல நின்னு கேப்பேன்."

திறந்தான். பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் சேலையில். ஒன்றில் மட்டும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்க்கிறாய். கலங்கியிருக்கிறது. கட்டின இறுக்கத்தில் உன் தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அதையும் நீ படத்தில் சாம்பலில் போட்டிருக்கிறாய். அம்மாவுக்கு உடம்பு வற்றிவிட்டதால் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னேன். குப்பைத் தொட்டியில் போனதையும் அழிக்கச் சொன்னேன். வேறு பிரதி உண்டா என்று கேட்டதற்குத் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். "போட்டாவ யாருக்கும் குடுக்கல. படத்த மட்டுந்தேன் மதுரையில தெரிஞ்ச கடைகளுக்குக் குடுத்துருக்கேன். அங்கயும் நல்லா ஓடுதாம்" என்றான். ஓடுகிறதாம்! அவன் மேஜையில் பாதி தின்ற வடை இருந்தது. அதை எடுத்து அவன் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது, எறியவில்லை.

சுவர்களில் இருப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. துர்காதேவியிடம் பேசப் போகிறேன்.

ப்ரியா

*

காரைக்குடி
6 மார்ச் 2025

ப்ரியா,

நோன்பு வைத்திருக்கிறேன், நீளமாக எழுதத் தெம்பில்லை. போட்டோவை அழித்ததற்கு என்ன சொல்ல? நன்றி என்று எழுதிப் பார்த்தேன், நம் இருவருக்கும் நடுவில் அது அந்நியமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

நம் ஒன்பதாம் வகுப்பு குரூப் போட்டோவை உன் வீட்டுச் சுவரில் மாட்டி, நான் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அதன் மேல் போட்டேனே, நினைவிருக்கிறதா? உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு இரண்டு பேர் முதுகிலும் ஆளுக்கொரு அடி வைத்தார். "உசுரோட இருக்குறவுகளுக்கு மாலை போடுவாகளாடி?" என்று கத்தினார். எங்கள் வீட்டில் செத்தவர் படம் மாட்டுகிற வழக்கமே இல்லாததால் எனக்கு அது புரியக்கூட இல்லை. இப்போது புரிகிறது. நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். என் நெஞ்சின்மேல் எத்தனை வீட்டில் மாலை தொங்குகிறதோ, என் கைக்கு எத்தனை பேர் சந்தனம் வைத்து ஊதுபத்தி காட்டுகிறார்களோ. நினைத்தால் உடம்பைக் கழற்றி வைத்துவிடலாம் போல இருக்கிறது.

சிங்கம்புணரிக்குப் போனால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே.

ஃபாயிஸா

*

தேவகோட்டை
12 மார்ச் 2025

ஃபாயிஸா,

போனேன். உன் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை.

முதலில் துர்காதேவியிடம் விஷயத்தை அப்படியே சொன்னேன். அந்தப் படம் எங்கள் அம்மாவுக்காகப் போட்டது, தலையை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அதுக்கென்னக்கா? எல்லாம் அம்மாதேன. சேலை நல்லாத்தேன இருக்கு" என்றாள். காப்பி குடிக்கிறீகளா என்று கேட்டாள்.

அவள் கணவரும் வந்து உட்கார்ந்தார். "மூஞ்சி எங்க ஆத்தா மூஞ்சி. மத்தது எதுவா இருந்தா என்ன?" என்றார். பெற்ற மகன் சொல்கிறான். அந்த உடம்புதானே அவனைச் சுமந்தது, அது எதுவாக இருந்தாலும் பரவாயில்லையாம். காப்பியைப் பாதியில் வைத்தேன்.

எழுந்துவிட்டேன். வாசல்வரை வந்தபோது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. திரும்பி நின்று, "இன்னொன்னு சொல்லணும் துர்கா. அந்த உடம்பு செத்தவுக உடம்பு இல்ல. ஒரு பொண்ண ஒக்கார வச்சுப் பாத்து வரைஞ்சது. அந்தப் பொண்ணு உசுரோட இருக்கு. கல்யாணமாகாத பொண்ணு" என்றேன்.

பார்க்க வேண்டுமே. அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, உசுரோட இருக்குற பொண்ணுக்கா மாலை போட்டு வச்சுருக்கோம்?" என்று நெஞ்சில் கை வைத்தாள். காது குத்தியதிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம், அது இதனால்தானாம். அவர் நாற்காலி போட்டு ஏறி சீரியல் பல்பைக்கூட அணைக்காமல் படத்தைக் கழற்றினார். மாலையை அறுத்து எறிந்தார். எந்த வீட்டுப் பெண், என்ன பெயர், பரிகாரம் ஏதும் செய்ய வேண்டுமா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். சொல்லமாட்டேன் என்றேன். நான் பஸ் ஏறுவதற்குள் துர்காதேவி யார் யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டாள். அதே கடையில் படம் போட்ட சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிறார்களாம்.

இன்னொருத்தியின் அம்மா என்றபோது அசையாதவர்கள், தங்களுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்றதும் ஆணியோடு பிடுங்குகிறார்கள். காரியம் ஆனது. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வாய் கசந்தது.

ப்ரியா

*

காரைக்குடி
18 மார்ச் 2025

ப்ரியா,

நீ வைத்த தீ நன்றாகப் பிடித்துக்கொண்டது. சேவுகன் அண்ணன் கடை வாசலில் சட்டங்களைக் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போகிறார்களாம். அரியக்குடியிலிருந்து ஒருவர் படத்தைத் தரையில் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றாராம். மதுரைக் கடைக்காரர்களும் போனில் திட்டுகிறார்களாம். இதையெல்லாம் சொன்னது அவரேதான். வீடு தேடி வந்துவிட்டார்.

"ஆளுக்கொன்னா நீயே புதுசா போட்டுக் குடுத்துரும்மா. உன் பேரு வெளிய வராது, நான் பாத்துக்கிறேன்" என்றார். என் பெயரை ஏதோ அவர் தயவில் வைத்திருப்பது மாதிரி. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே, "துணிதானண்ணே, நீங்களே போடுங்க" என்றேன். இரண்டு நாளாக அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் உன் படம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதுவும் அதே உடம்புதான். அதையும் எடுத்துவிடு. நான் வேறு போட்டுத் தருகிறேன், கடை இல்லாமல், என் டேப்லெட்டில். இந்த முறை நீ உட்கார் ப்ரியா. உன் தோள் அம்மாவின் தோள்தான், கழுத்தெலும்பும் அவருடையது. துப்பட்டாவை நான் கட்டிவிடுகிறேன், ரொம்ப இறுக்கமாட்டேன். ஜன்னலோரம் ஒரு மத்தியானம் போதும். சேலையையும் அதற்காகத்தான் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

திதி நெருங்குகிறது என்று தெரியும். அதற்குள் முடித்துவிடலாம்.

ஃபாயிஸா

*

தேவகோட்டை
27 மார்ச் 2025

ஃபாயிஸா,

உட்காரமாட்டேன். உன் கடிதம் வந்த அன்று கதவைத் தாழ்போட்டுவிட்டு என் துப்பட்டாவை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றுக்குக் கை வரவில்லை. கண்ணாடியில் அந்தப் பக்கம் தட்டையாகத் தெரிந்ததும் எனக்கு உவ்வே என்றுதான் வந்தது. மகளுக்கே அப்படித்தான் வந்தது. நீ அதைக் கட்டிக்கொண்டு வெளிச்சம் சாயும்வரை உட்கார்ந்திருக்கிறாய்.

நேற்றுத் திதி. பீரோவுக்குப் பின்னாலிருந்த படத்தை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டினேன். அருவருப்பு முழுக்கப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தேன், கையைத் தொடவில்லை. பூக்காரி முழ மாலை கட்டிக் கொடுத்திருந்தாள். அதை அரிவாள்மணையில் பாதியாக அறுத்து, நெஞ்சுப் பக்கம் இறங்காமல் கழுத்தோடு நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் குண்டூசி குத்தினேன். மிச்சப் பாதியை நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

சாப்பிட வந்த பெரியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி, மாலை இம்புட்டுக் கட்டையா இருக்கு?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு அம்புட்டுத்தேன் எடம் பெரியம்மா" என்றேன்.

சேலையைப் பார்சலில் போட்டுவிடாதே. பெருநாள் முடிந்து நீயே கொண்டு வா. ரவிக்கையையும், அந்தப் பஞ்சையும்.

ப்ரியா